கண்ணாடி இல்லாத வேனுக்குப் பொட்டு

எங்கள் வீட்டு வாசல் கேட்டைச் சாத்தி இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகிறது. பூட்டு தொலைந்துவிடவில்லை, கீலும் நன்றாகத்தான் இருக்கிறது. கேட் வந்து சேர வேண்டிய இடத்தில் ஒரு வேனின் பின்புறம் இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் போர்ச்சைவிட அந்த வேன் இரண்டடி நீளம். வாங்கும் முன் அளந்து பார்க்கவில்லையா என்று கேட்காதவர்கள் எங்கள் தாமான் குடியிருப்பில் இல்லை. அளந்தேன். டேப்பை எடுத்துக்கொண்டு போய் வேனை மூன்று முறை அளந்தேன். வீட்டைத்தான் அளக்கவில்லை. இருபத்தாறு வருடம் குடியிருந்த வீட்டின் அளவு தனக்குத் தெரியும் என்றுதான் மனிதன் நினைத்துக்கொள்கிறான்.

வேன் ஜெர்மனியில் பிறந்தது. ஏறக்குறைய என் வயது. உள்ளே மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு, கை கழுவ ஒரு சின்னத் தொட்டி. கூரையை மேலே தள்ளினால் குடை போல விரியும். யாரோ ஒரு வெள்ளைக்காரர் அதை இந்த நாடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து, இங்கே அடிக்கும் மழையைப் பார்த்துவிட்டு விமானத்தில் திரும்பிப் போயிருக்க வேண்டும். நான் அதைக் கண்டபோது தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையின் பின்புறம், இடுப்பளவு புல்லுக்குள் நின்றுகொண்டிருந்தது. தரையிலிருந்த ஓட்டை வழியாக ஒரு செடி உள்ளே வந்து ஜன்னல் வழியாக வெளியே போயிருந்தது. மற்றவர்கள் அதைக் குப்பை என்றார்கள். எனக்கு அதற்குள் கடற்கரை தெரிந்தது. ஐம்பதைத் தாண்டிய ஆண்களின் கண்ணுக்கு வரும் இந்தக் கோளாறுக்கு இன்னும் சொட்டு மருந்து கண்டுபிடிக்கவில்லை.

வண்டி தூக்கும் லோரியில் ஏற்றித்தான் கொண்டுவர முடிந்தது. லோரிக்காரர் முப்பது வயது இருப்பார். காதில் கடுக்கன், கழுத்தில் துண்டு.

"அங்கிள், இத எங்க எறக்கணும்?"

"கிள்ளான்ல, என் வீட்டுல."

"வீட்லயா? நான் இரும்புக் கடைக்குன்னு நெனச்சேன்லா." சற்று தூரம் போனதும் மறுபடியும் திரும்பிப் பார்த்தார். "போற வழியிலதான் கடை இருக்கு. சும்மா சொன்னேன். யோசிச்சுக்குங்க."

வீட்டு வாசலில் என் மனைவி வேலைக்குக் கிளம்பி நின்றுகொண்டிருந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ்; எங்கள் ஊர் வழக்கில் மிஸ்ஸி. வெள்ளைச் சீருடையில் கையைக் கட்டிக்கொண்டு அவள் நிற்கும்போது எனக்கே ஏதோ ஊசி போடப் போகிறாள் என்று தோன்றும்.

"என்னாங்க இது?"

"வேன்."

"வேன்னு தெரியுது. எதுக்கு?"

பதில் இல்லாதபோது வாக்குறுதி கொடுத்துவிடுவது என் நெடுநாள் வழக்கம். "ஒன்னோட கடைசி நாள் வேலை முடியறப்ப இதுலதான் வந்து ஒன்ன ஏத்திக்குவேன். ஆஸ்பத்திரி வாசல்லேருந்து நேரா கெழக்குக் கரைக் கடலுக்கு. வீட்டுக்குக்கூட வரப்போறதில்ல" என்றேன்.

அவள் குனிந்து தரையின் ஓட்டையைப் பார்த்தாள். ஓட்டை வழியாகத் தன் செருப்பைப் பார்த்தாள். "அதுக்குள்ள கடலே நம்ம வீட்டுக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அத்தோடு அது முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து, அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்க வார்டுக்குப் போனேன். மூன்று நர்ஸுகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"அங்கிள்! வேன் எப்படி இருக்கு?"

"கடைசி நாள் அக்கா வேன்லதான் போவாங்களாமே. நாங்கல்லாம் கேட்டுக்கு வந்து டாட்டா காட்டணுமாம், ஆர்டர் போட்டுட்டாங்க."

"அக்காவுக்கு இங்க இப்ப பேரே கேரவன் மிஸ்ஸிதான்."

என் மனைவி ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் பேனா நின்றிருந்தது.

முப்பது வருட வேலையில் அவள் வீட்டு விஷயம் எதையும் வார்டில் பேசியவள் இல்லை. பேசும்படி நானும் எதையும் செய்ததில்லை. எங்கள் வீட்டில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது; மீன் வாங்குவதற்குள் என் ஆர்வம் போய்விட்டதால் அதில் இப்போது வெங்காயம் கிடக்கிறது. இரண்டு பாடத்தோடு நின்றுபோன மிருதங்கம் ஒன்று இருக்கிறது. நான்காம் அத்தியாயத்தில் கதாநாயகன் ரயில் ஏறி, பதினோரு வருடமாக இன்னும் இறங்காத ஒரு நாவல் இருக்கிறது. இதையெல்லாம் தினமும் துடைத்து வைப்பவள் அவள். அப்படிப்பட்டவள் என் வாயிலிருந்து வந்த ஒரு பேச்சை எடுத்துக்கொண்டு போய் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள் என்றால், அவள் அதை நம்பிவிட்டாள் என்று அர்த்தம். அன்றைக்கு வரைக்கும் வேன் என் பொழுதுபோக்காக இருந்தது.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். கிள்ளானிலிருந்து ரயிலில் போய், பள்ளிப் பாடநூல்களிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் மற்றவர்கள் செய்த தவறுகளைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, ரயிலில் திரும்பி வருவேன். அந்தத் தொழிலில் ஒரு நிம்மதி உண்டு. நேற்றுத் திருத்திய எழுத்து இன்று காலையில் மறுபடியும் பிழையாகி நிற்காது. துருவிடம் அந்த நாணயம் கிடையாது. சனிக்கிழமை சுரண்டி எடுத்த இடத்தில் அடுத்த சனிக்கிழமை அது எனக்காகக் காத்திருக்கும். பெயிண்டுக்கு அடியில் இருக்கும். பெயிண்டைச் சுரண்டினால் அதன் அடியில் யாரோ ஓட்டை அடைக்கப் பூசிய புட்டி. புட்டியைப் பெயர்த்தால் அதன் அடியிலும் இருக்கும். அதையும் சுரண்டினால் ஒன்றும் இருக்காது. ஓட்டை வழியாக எங்கள் போர்ச்சின் டைல்ஸ் தெரியும்.

ஒரு வருடம் அப்படிப் போயிற்று. வார இறுதிகளில் வேனுக்கு அடியில் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருப்பேன். வாயில் துரு விழும். அதன் ருசி இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். கெட்டுப்போன மீனும் பழைய காசும் கலந்த ருசி. வேலை நடந்ததா என்றால், நான் களைத்தேன் என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

பிறகுதான் தகர வேலைக்காரர் ஒருவரைப் பிடித்தேன். சாலாக் செலாத்தானில் பட்டறை வைத்திருப்பவர். நசுங்கிய கார்களை, அவர் வாயில் காடிகளை, தட்டி நிமிர்த்தி, வெட்டி ஒட்டி, பெயிண்ட் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். அறுபது வயது, ஒல்லி, சிரிக்காமல் பேசுவார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை சார் என்பார். வந்த முதல் நாள் வேனை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கேட்டார்.

"இது யாரு சார் வெல்டிங் வச்சது?"

"நான்தாண்ணே. வீடியோ பாத்து."

"சரி. ஒங்க வேலையப் பிரிக்கிறதுக்கு எனக்கு ஆறு வாரம் ஆகும். அதுக்குப் பெறகுதான் வேன் வேல."

சொன்னபடியே செய்தார். ஞாயிறுதோறும் வந்து, தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்தார். சக்கரத்துக்கு மேலே இருந்த வளைவுகளை மாற்றினார். கண்ணாடி எட்டையும் கழற்றினார். அவை எங்கள் மாடி அறையில் கட்டில் மேல் போர்வை போர்த்திப் படுத்துக்கொண்டன. பழைய பெயிண்டை அடிவரைக்கும் எடுத்தோம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை அந்த வேலை முடிந்தது. முழு வேனும் வெறும் தகரமாக, ஒரு பொட்டுத் துரு இல்லாமல், வழித்த தாடை போலப் பளபளவென்று நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் என் வீட்டில் அவ்வளவு சுத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு நான் வரல சார். பட்டறையில படையல் இருக்கு. நாளான்னிக்குக் காலையில எட்டு மணிக்குக் கம்ப்ரெஸரோட வந்து பிரைமர் அடிச்சிரலாம். அது வரைக்கும் இந்தத் தகரத்துல தண்ணி படக்கூடாது. ஈரத் துணி படக்கூடாது. ஒங்க கை வேர்வகூட படக்கூடாது. ஒரே ஒரு நாள். காவல் காத்தீங்கன்னா போதும்."

பிரைமர் என்பது நிறத்துக்கு முன்னால் அடிக்கும் சாம்பல் பூச்சு. அது ஒரு தடவை விழுந்துவிட்டால் தகரம் தப்பித்தது. அதன் பிறகு அந்த வாரமே நிறம்; அடுத்த வாரம் கண்ணாடியும் பிரேக்கும்; மூன்றாவது வாரம் சாலையில் ஓடத் தகுதிப் பரிசோதனை; அந்த வெள்ளிக்கிழமை என் மனைவியின் கடைசி நாள், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. திட்டம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. கச்சிதத்தைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று பிழை திருத்துகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பூஜை அன்று அவளுக்குப் பிற்பகல் வேலை. செருப்பை மாட்டிக்கொண்டே பட்டியல் சொன்னாள். "நான் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. நாலு மணிக்கு மேல நல்ல நேரம். எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருங்க. வேன மறந்துறாதீங்க. இந்த வருஷம் அதுக்குத்தான் முக்கியமா வேணும்."

நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் மழை வரும் என்ற நம்பிக்கையிலா எல்லாரும் குடை எடுத்துக்கொண்டு போகிறார்கள்? நாலு மணிக்குக் குளித்துவிட்டு வேலையில் இறங்கினேன். ரைஸ் குக்கர், பிளெண்டர், வாஷிங் மெஷின், அவளுடைய ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, என் சிவப்புப் பேனாக்கள். நகவெட்டி ஆயுதமா என்று ஒரு நிமிடம் யோசித்து, அதற்கும் வைத்தேன். கிரைண்டர், சுத்தியல், மீதமிருந்த மணல்தாள் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினேன். பிறகு வேன்.

காய்ந்த திருநீறு அந்தத் தகரத்தில் நிற்கவில்லை. அவ்வளவு வழவழப்பாகத் தேய்த்திருந்தோம். மூன்று விரலால் இழுத்தால் அப்படியே உதிர்ந்து கீழே விழுந்தது. அதனால் பன்னீர் விட்டுக் குழைத்தேன். அண்ணன் சொன்னது நினைவில் இல்லையா என்றால், இருந்தது. தண்ணீர் படாமல் மிக ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். அன்று காலை பக்கத்து வீட்டு ஆன்டி பூச்செடிக்கு நீர் பாய்ச்சியபோதுகூட ஓடிப்போய் அட்டையைப் பிடித்து மறைத்தேன். ஆனால் பூஜைத் தட்டில் இருக்கும் பன்னீர் ஈரம் என்று எனக்கு உறைக்கவில்லை. அது தெளிக்க வேண்டிய பொருள், தெளித்தேன். சின்ன வயதிலிருந்து கல்யாண மண்டப வாசல்களில் அது என் மேல் தெளிக்கப்பட்டு நான் துருப்பிடித்ததில்லை.

முகப்பில் பெரிய பட்டை ஒன்று. நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். கதவு ஒவ்வொன்றிலும் ஒன்று. பக்கவாட்டில் ஒன்று விட்டு ஒன்று. மனைவி முக்கியமாக வேணும் என்று சொல்லியிருக்கிறாளே என்று ஏணி போட்டுக் கூரைக்கும் வைத்தேன். மொத்தம் இருபத்து மூன்று. நகராத வண்டிக்கு எதற்கு என்று சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் மட்டும் வைக்கவில்லை. அன்று நான் அறிவோடு நடந்துகொண்டது அந்த ஓர் இடத்தில்தான்.

ஆறு மணிக்குத் தேநீரோடு வந்து உட்கார்ந்தேன். பட்டைகளின் ஓரம் இலேசாக ஆரஞ்சு நிறமாகியிருந்தது. சந்தனம் காய்கிறது என்று நினைத்தேன். பாதித் தேநீரில், சந்தனம் கதவு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் காயாதே என்று தோன்றியது. மணல்தாளை எடுக்க உள்ளே ஓடினேன். அது சாமி படத்துக்கு முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தது. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை வரைக்கும் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் அன்று புத்தகம் படிப்பதுகூட இல்லை.

வார்டுக்குப் போன் போட்டேன். "பொட்ட அழிச்சிரவா?"

"கும்பிட்டத அன்னைக்கே அழிப்பாங்களா? காலையில எடுங்க. ஒரு ராத்திரியில என்னாங்க ஆயிரப்போவுது?"

எனக்கும் அது சரி என்றே பட்டது. எங்கள் இல்லறத்தில் நாங்கள் இருவரும் ஒரே கருத்தில் இருந்த சந்தர்ப்பங்கள் குறைவு. அவை ஒவ்வொன்றும் இப்படித்தான் முடிந்திருக்கின்றன. ஏழு மணிக்கு நல்ல மழை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டடிக்கு முதல் நாளே தார்ப்பாய் கட்டியிருந்தேன், ஆனால் காற்றே ஈரமாக இருந்தது.

மறுநாள் எட்டு மணிக்கு அண்ணன் கம்ப்ரெஸரோடு வந்து இறங்கினார். நான் அதற்குள் உலர்ந்த துணியால் திருநீற்றைத் துடைத்திருந்தேன். துடைத்தது தப்பாகப் போயிற்று. அடியில் இருந்தது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மூன்று கோடும், நடுவில் வட்டமும், என் விரல் அளவுக்குச் சற்றும் பிசகாமல், செக்கச்செவேலென்று துருவில். இருபத்து மூன்று இடத்தில். பன்னீர் தெளித்த இடமெல்லாம் அம்மை போட்ட மாதிரி.

அவர் கம்ப்ரெஸரைக் கீழே வைத்தார். ஒரு கதவருகே போய்க் குனிந்து பார்த்தார்.

"யாரு சார் வச்சது?"

"நான்தாண்ணே."

"நல்லா வச்சிருக்கீங்க. கோணல் இல்லாம."

"காஞ்ச திருநீறு ஒட்டல. அதான் கொஞ்சம் பன்னீரு..."

"நாங்களும்தான் சார் பட்டறையில வச்சோம். பெயிண்ட் இல்லாத காடி ரெண்டு நிக்குது. கண்ணாடியில வச்சோம். கண்ணாடி எதுக்கு இருக்கு?"

"கண்ணாடியெல்லாம் மேல் ரூம்ல இருக்குண்ணே."

"அப்ப மேல போயி வைக்கிறது! போர்வைய வெலக்கிட்டு வச்சா சாமி கோவிச்சுக்குமா?"

இதற்கு மேல் பிரைமர் அடித்து மறைத்துவிடலாமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அடிக்கலாம். ஆறு மாசத்துல வேன் தானா பட்ட போட்டுக்கும். நீங்க வருஷா வருஷம் ஏணி போட வேணாம், வசதிதான்." பிறகு கொஞ்சம் இரங்கினார். "முழுசும் மறுபடியும் தேய்க்கணும் சார். என்னால முடியாது. தீபாவளிக்கு முன்னாடி எனக்கு ஒம்போது காடி நிக்குது. எல்லாருக்கும் தீபாவளிக்கு காடி புதுசா இருக்கணும். நீங்களே தேய்ங்க. முடிஞ்சதும் போன் போடுங்க, ஓடி வந்து பிரைமர் அடிச்சுக் குடுத்துர்றேன். அவ்ளோதான் என்னால."

அந்த நேரத்தில் என் மனைவி அவருக்குத் தேநீர் கொண்டுவந்தாள். வேனைப் பார்த்தாள். தட்டை வேனின் தரையிலேயே வைத்துவிட்டாள்.

"நான்தான வேன மறந்துறாதீங்கன்னு சொன்னேன்" என்றாள்.

"பன்னீர் ஊத்துனது நான்தானே."

"காலையில அழிங்கன்னும் நான்தான சொன்னேன்."

"கேட்டது நான்தானே."

அண்ணன் தேநீரை எடுத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குங்க. நெறைய இருக்கு" என்றார்.

அவர் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். எனக்கும் தயாராகச் சில வசனங்கள் உண்டு. அவள் கதவிலிருந்த பட்டையை விரலால் தொட்டுவிட்டு, மெதுவாக, "வார்டுல நான் என்னன்னு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். நான் மணல்தாளை எடுக்க உள்ளே போனேன்.

அதன் பிறகு தேய்த்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. தேய்ப்பதில் சம்பவமே கிடையாது. அச்சகத்தில் விடுப்புப் போட்டுவிட்டுத் தேய்த்தேன். பக்கத்து வீடுகளில் முறுக்கு வாசனை வரும்போது தேய்த்தேன். தினமும் தேய்த்த இடத்தில் எண்ணெய் பூசி வைத்து, மறுநாள் அந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடியும் தேய்த்தேன். தோள்பட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. ஒரு நாள் சட்டை போட அவள் உதவ வேண்டியதாயிற்று. சில காலைகளில் அவளும் முகமூடி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து தேய்ப்பாள். காயத்தைச் சுத்தம் செய்கிறவள் கை. வெளியிலிருந்து உள்ளே வராமல், உள்ளிருந்து வெளியே வட்டமாகத் தேய்த்துக்கொண்டு வருவாள். என் பக்கத்தைவிட அவள் பக்கம் சுத்தமாக இருந்தது. பன்னிரண்டு நாளில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும்."

"நெசமாவா, இல்ல சும்மாவா?"

"தெரியலடி" என்றேன். அது நான் அவளிடம் சொன்ன அபூர்வமான உண்மைகளில் ஒன்று. அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.

கடைசி வாரத் தொடக்கத்தில் அண்ணன் வாக்குத் தவறாமல் வந்து, இரண்டு மணிநேரத்தில் பிரைமர் அடித்துவிட்டுப் போனார். வேன் முழுக்கச் சாம்பல். முகப்பில் வைத்த பெரிய பட்டைதான் ஆழமாக இறங்கியிருந்தது. அங்கே தகரம் மெலிந்துவிட்டதால் அதற்கு மேல் தேய்க்க முடியவில்லை. இரண்டு நாளில் அந்த இடத்தில் மட்டும் பிரைமருக்கு மேலாக இலேசாக மூன்று கோடு எட்டிப் பார்த்தது. நிறம் அடிக்க நேரமில்லை. கண்ணாடிகளைப் பொருத்தி முடித்தேன். பிரேக் சாமான்கள் பெட்டிக்குள்ளேயே இருந்தன. எஞ்சின் உறுமும், இருமும், நின்றுவிடும். பரிசோதனைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் நிற்கத் தெரிய வேண்டும். எங்கள் வேனுக்கு ஓடவும் தெரியாது, நிற்கவும் தெரியாது.

வியாழக்கிழமை மதியம் வேனுக்குள் உட்கார்ந்து யோசித்தேன். காரில் போய் அவளைக் கூட்டி வரலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். "பரவால்ல அக்கா" என்பார்கள். அந்தப் பரவால்லவோடு அவள் முப்பத்திரண்டு வருடத்தை முடித்துக்கொண்டு வெளியே வருவாள். அது வேண்டாம் என்று தோன்றியது. போனை எடுத்தேன்.

லோரிக்காரருக்கு என் குரல் உடனே அடையாளம் தெரிந்தது. "அங்கிள்! ஒரு வழியா இரும்புக் கடைக்கா?"

"இல்ல. ஆஸ்பத்திரிக்கு."

"யாருக்கு என்னாச்சு?"

விளக்கிச் சொன்னேன். அவர் உம் கொட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "வேன லோரில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். ஆன்டிய ஏத்திக்கிறோம். திரும்பியும் வேன வீட்டுல எறக்கிர்றோம். சரியா?" என்று கேட்டார்.

"சரி."

"சரி அங்கிள். நான் லோரியக் கழுவிட்டு வரேன்."

மறுநாள் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் நின்றோம். லோரி பளிச்சென்று இருந்தது. அதன் முதுகில் சாம்பல் நிற வேன், நெற்றியில் துருப் பட்டையோடு, சங்கிலி போட்டுக் கட்டப்பட்டு நின்றது. போகிற வருகிறவர்கள் விபத்து என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். நான் லோரியிலிருந்து இறங்கி, என்னென்ன சொல்லலாம் என்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவு திறந்தது. என் மனைவி கையில் பூங்கொத்தோடு முன்னால் வந்தாள். பின்னால் கேக் பெட்டியும் பைகளுமாக ஏழெட்டு நர்ஸுகள்.

முதலில் ஓர் இளம் நர்ஸ்தான் பார்த்தாள். "அய்யோ அக்கா! கேரவன் வந்துருச்சு!" பிறகு கண்ணைச் சுருக்கினாள். "ஆனா லோரி மேலல்ல வருது?"

சிரிப்பு ஆரம்பித்தது. ஒருத்தி போனை எடுத்துப் படம் பிடித்தாள். "அங்கிள், இது ஓடாதா?" என்று யாரோ கேட்டார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

என் மனைவி சிரிக்கவில்லை. பூங்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு லோரியை ஒரு சுற்று சுற்றி வந்தாள், கட்டிலில் கிடப்பவரைப் பார்ப்பதுபோல, நிதானமாக, ஒன்றையும் விடாமல். தான் தேய்த்த பக்கத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். முன்னால் வந்து நெற்றியைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, ஊசி போடும்போது வைத்துக்கொள்ளும் அதே முகத்தோடு சொன்னாள்: "நான் சொன்னேன்ல, வரும்னு."

அவ்வளவுதான். கூட்டம் கைதட்டியது. எல்லாரும் வேனுக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். லோரிக்காரரையும் இழுத்து நிறுத்தினார்கள். அவர் துண்டைக் கழற்றிப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

லோரியின் முன் இருக்கையில் நாங்கள் மூவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம், மடியில் கேக். கேட் வரைக்கும் அவர்கள் டாட்டா காட்டினார்கள். ஆர்டர்படிதான்.

"வீட்டுக்குத்தானே ஆன்டி?" என்றார் லோரிக்காரர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியில் வேனைப் பார்த்தார். "தஞ்சோங் ஹராப்பான் பக்கமா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்லா. கடல் ஓரமா ரோடு இருக்கு. எனக்கு இன்னைக்கு வேற வேல இல்ல" என்றார்.

துறைமுகச் சாலையில் கொள்கலன் லோரிகளுக்கு நடுவே எங்கள் ஊர்வலம் போயிற்று. அரை வழியிலேயே அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது, தேய்த்துத் தேய்த்து வீங்கிப்போன அதே தோள். வலியில் உயிர் போயிற்று. நான் அசையவில்லை. கடல் வந்தபோது லோரிக்காரர் ஓரமாக நிறுத்தினார்.

"எழுப்பலையா அங்கிள்?"

"வேணாம்."

நானும் அவரும் கடலைப் பார்த்தோம். இது நான் சொன்ன கிழக்குக் கரைக் கடல் இல்லை. சேறு கலந்த பழுப்பு நிறம். தூரத்தில் சரக்குக் கப்பல்கள். ஓரத்தில் மீன் பிடிக்கிறவர்கள். அவள் வாயை இலேசாகத் திறந்துகொண்டு தூங்கினாள். காலை ஷிஃப்டுக்கு விடிவதற்கு முன்பே எழுந்தவள். அப்படிப் பார்த்தால் முப்பத்திரண்டு வருடமாக எழுந்துகொண்டிருப்பவள். இருபது நிமிடம் போல நின்றிருப்போம். பிறகு அவர் சத்தம் வராமல் கியர் போட்டார்.

வீட்டு வாசலில் சங்கிலி அவிழும் சத்தத்தில்தான் விழித்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

"கடல்?"

"போயிட்டு வந்துட்டோம்."

"எப்பிடி இருந்துச்சு?"

"தண்ணி கொஞ்சம் பழுப்பு."

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினாள். வேன் மெல்ல உருண்டு இறங்கி, தன் பழைய இடத்துக்குள் நுழைந்து, வழக்கம்போல இரண்டடி வெளியே நின்றது. லோரிக்காரருக்குக் கேக்கில் பாதியை வெட்டிக் கொடுத்து அனுப்பினாள். பிறகு வேனின் நெற்றியில் இருந்த மூன்று கோட்டைப் புறங்கையால் ஒரு தரம் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"அடுத்த ஆயுத பூஜைக்கு நான் வீட்லதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அது மிரட்டலா ஆறுதலா என்று யோசித்துக்கொண்டே கேட்டைச் சாத்தப் போனேன். பாதி வழியில்தான் அந்த இரண்டடி நினைவுக்கு வந்தது.